கைக்குழந்தை இருக்கிற வீட்டில் பெரிய பிள்ளைக்குப் பாடம்: முழுமையான வழிகாட்டி

வீட்டுக்கல்வி பற்றிக் கிடைக்கிற யோசனைகளில் எப்போதும் ஒரு பிள்ளை, ஒரு மேசை, கதவு சாத்திய ஓர் அறை இருக்கும். கொங்குப் பக்கத்து வீடுகளில் நிலவரம் வேறு. பெரியவள் கணக்கு நோட்டை விரித்ததும் இரண்டரை வயதுக்காரன் அதன் மேலேயே ஏறி உட்காருவான். கைக்குழந்தை தொட்டிலில் சிணுங்கும். அந்த நேரம் பார்த்து வாசலில் யாராவது கூப்பிடுவார்கள். இந்த வழிகாட்டி அப்படிப்பட்ட வீட்டுக்கானது. ஒன்பதிலிருந்து பதின்மூன்று வயதுக்குள் ஒரு பிள்ளை, ஓடியாடுகிற வயதில் ஒன்று, மடியில் ஒன்று என்று மனதில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எங்கள் வீடும் அதுதான். சென்னிமலைப் பக்கம், சுவரை ஒட்டித் தறிக்கூடம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரி வீட்டில் பாடவேளையை முடிவு செய்வது கைக்குழந்தையின் பாலும் தூக்கமும்தான். பள்ளிக்கூட டைம்டேபிளை அப்படியே சுவரில் ஒட்டினால் ஒரு வாரம் தாங்காது. இரண்டாவது, பெரிய பிள்ளை வீட்டில் இருப்பது படிக்கத்தான், சின்னதுகளைப் பார்த்துக்கொள்ள அல்ல. இதில் உறுதி இல்லாதவர்கள் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிடுவதே நல்லது.

1. பள்ளியை நிறுத்துமுன் காகிதம் பாருங்கள்

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் வந்து, 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கானது. பிள்ளையை அருகிலுள்ள பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்று அதன் 10ஆவது பிரிவு சொல்கிறது. அதே சமயம், சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை என்று எதுவும் அதில் இல்லை. வீட்டுக்கல்விக்குத் தனியாக அனுமதியும் இல்லை, தனியாகத் தடையும் இல்லை. ஆக, யாரிடமும் போய் லைசென்ஸ் வாங்க வேண்டியதில்லை. ஆனால் "சட்டமே எங்கள் பக்கம்" என்று மார்தட்டவும் முடியாது.

நடைமுறையில் என்ன ஆகும்? மாற்றுச் சான்றிதழ் வாங்கியதும் கல்வித்துறையின் எமிஸ் பதிவில் பிள்ளையின் பெயர் பொதுப்பட்டியலுக்குப் போய்விடும். வாத்தியார்கள் அதைக் காமன் பூல் என்பார்கள். பிறகு பள்ளி செல்லாப் பிள்ளைகள் கணக்கெடுப்புக்கு வருகிறவர்கள் உங்கள் வாசலுக்கும் வருவார்கள். அவர்கள் மேல் எரிந்து விழ வேண்டாம். தறிக்கூடத்துக்கும் செங்கல் சூளைக்கும் வேலைக்குப் போகிற பிள்ளைகளைத் தேடித்தான் வருகிறார்கள். நோட்டுகளைக் காட்டி, பதமாகப் பேசி அனுப்பினால் போதும். மாற்றுச் சான்றிதழ், எமிஸ் எண், கடைசி மதிப்பெண் பட்டியல், பிறப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டு, சின்னவன் கைக்கு எட்டாமல் அட்டாலியில் (பரணில்) வையுங்கள்.

இனிச் சொல்வதை நிறையப் பேர் யோசிப்பதே இல்லை. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. அடுத்த வருடமே பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் என்று மற்ற தொழிற்படிப்புகளுக்கும் நீட்டித்தார்கள். கல்லூரிக்குப் போகும் பெண்பிள்ளைகளுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022இலும், பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024இலும் வந்தன. அவற்றுக்கும் 6 முதல் 12 வரை எங்கே படித்தார்கள் என்பதுதான் கேள்வி. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் உள்ள 20 சதவீத முன்னுரிமைக்கோ முதல் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்ததற்குச் சான்று வேண்டும். உங்கள் பிள்ளை அரசுப் பள்ளிப் பிள்ளை என்றால் இந்தக் கணக்கைப் போடாமல் முடிவெடுக்காதீர்கள்.

இதிலேயே ஒரு வழியும் இருக்கிறது. கைக்குழந்தைக் கஷ்டம் இரண்டு, இரண்டரை வருடம்தான். நாலு, ஐந்தாம் வகுப்புக் காலத்தில் வீட்டில் வைத்துப் படிக்க வைத்து, ஆறாவதில் அரசுப் பள்ளியில் சேர்த்தால் 6 முதல் 12 என்ற கணக்கு உடையாது. என்னிடம் யோசனை கேட்கிற தறிக்காரர் வீட்டு அம்மாக்களுக்கு இதைத்தான் சொல்கிறேன்.

அதற்கு மேலும் வீட்டிலேயே தொடர்கிறவர்களுக்கு இரண்டு பாதை உண்டு. ஒன்று, தேசியத் திறந்தநிலைப் பள்ளி. 1989இல் தொடங்கியது. பத்தாம் வகுப்புக்கு நிகரான தேர்வுக்கு 14 வயது நிறைந்திருக்க வேண்டும். தமிழ் வழியிலும் எழுதலாம். பொதுத்தேர்வு ஏப்ரல் - மே, அக்டோபர் - நவம்பர் என்று வருடத்துக்கு இரண்டு முறை நடக்கும். சின்ன வகுப்புகளுக்கு 3, 5, 8ஆம் வகுப்புகளுக்கு நிகரான மூன்று நிலைகள் வைத்திருக்கிறார்கள். இன்னொன்று, நம் மாநிலத் தேர்வுத்துறையின் தனித்தேர்வர் வழி. எட்டாம் வகுப்புத் தனித்தேர்வை பன்னிரண்டரை வயது நிறைந்தவர்கள் எழுதலாம். அப்புறம் பத்தாம் வகுப்பு. பத்தாவதில் அறிவியல் செய்முறை வகுப்புக்கு முன்கூட்டியே பெயர் பதிய வேண்டும். அதை மறந்தால் ஹால் டிக்கெட்டே வராது.

2. ஒரு வாரம் பாடமே வேண்டாம், குழந்தையைக் கவனியுங்கள்

காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கைக்குழந்தை எப்போது தூங்கியது, எப்போது எழுந்தது, எப்போது பால் குடித்தது என்று ஒரு வாரம் குறியுங்கள். நாலு மாதத்திலிருந்து ஒரு வயது வரை குழந்தைகள் இரவு பகல் சேர்த்து 12 முதல் 16 மணி நேரம் தூங்கும். ஒன்றிலிருந்து இரண்டு வயதுக்குள் அது 11 முதல் 14 மணி நேரமாகக் குறையும். பகல் தூக்கம் காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று என்று இருப்பது, பதினைந்து முதல் பதினெட்டு மாதத்துக்குள் மத்தியானத்துக்கு மட்டும் என்று சுருங்கும். அப்படிச் சுருங்கும் மாதம் வந்ததும் பழைய ஏற்பாடு மொத்தமும் கவிழும். நீங்கள் செய்தது தப்பு என்று நினைத்துக்கொள்ளாமல் மறுபடி ஒரு வாரம் குறித்து, புதிதாகப் போடுங்கள்.

வாரக் கடைசியில் அந்தத் தாளைப் பார்த்தால் நம்பகமாகக் கிடைக்கிற நேரம் தெரிந்துவிடும். பெரும்பாலும் காலையில் முக்கால் மணி, மத்தியானம் ஒன்று ஒன்றரை மணி. "இவ்வளவுதானா" என்று தோன்றும். ஒரு பிள்ளைக்கு நேருக்கு நேர் சொல்லிக்கொடுக்க அது போதும். நாற்பது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வாத்தியாருக்குப் பாதி நேரம் வருகைப் பதிவிலும் நோட்டுத் திருத்துவதிலும் சத்தம் அடக்குவதிலும் போய்விடுகிறது. பத்து வயதுப் பிள்ளைக்கு நாளைக்கு இரண்டு, இரண்டரை மணி நேரம் உருப்படியான படிப்பு இருந்தால் நிறைவு.

தறி ஓடுகிற வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. தறிச் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்த குழந்தை சத்தத்துக்கு எழாது. கரண்ட் போய்த் தறி நின்றால்தான் திடுக்கென்று எழும். அதனால் மின்தடை அறிவித்த நாளில் புதுக் கணக்கு எதையும் ஆரம்பிக்காதீர்கள்.

3. பாடத்தை மூன்று வகையாகப் பிரியுங்கள்

இந்த வழிகாட்டியின் அச்சாணி இதுதான். தமிழ், கணக்கு, அறிவியல் என்று பிரிப்பது பள்ளிக்குச் சரி. நமக்கு வேண்டிய பிரிவு, அம்மாவிடமிருந்து அந்தப் பாடம் எதைக் கேட்கிறது என்பது.

முதல் வகை அம்மாவின் முழு மனதையும் கேட்கும். பின்னக் கழித்தல் போன்ற புதுக் கணக்கு, கட்டுரை திருத்தம், ஆங்கில இலக்கணம் எல்லாம் இதில் வரும். இடையில் ஒரு அழுகை வந்தால் பாடம் கெட்டுவிடும். இதைக் குழந்தை தூங்கும் நேரத்துக்கு மட்டும் ஒதுக்குங்கள். அந்த முக்கால் மணியில் பாத்திரம் கழுவப் போகாதீர்கள், போனை எடுக்காதீர்கள். பாத்திரத்தைக் குழந்தை முழித்திருக்கும்போதும் கழுவலாம். பின்னக் கழித்தலை அப்போது சொல்லித்தர முடியாது.

இரண்டாவது வகைக்கு அம்மாவின் வாயும் காதும் போதும், கை வேண்டாம். வாய்ப்பாடு ஒப்பித்தல், சொல்வதை எழுதுதல், பாட்டு மனப்பாடம், வரலாற்றைக் கதையாகப் பேசுவது, பிள்ளை சத்தம் போட்டு வாசிக்க நாம் கேட்பது. பால் கொடுக்கிற நேரம் முழுவதும் இதற்கு உரியது. ஆறேழு மாதக் குழந்தை ஒரு தடவை பால் குடிக்க எடுக்கும் கால் மணி நேரத்தில் பெரியவள் ஆங்கிலப் பாடம் ஒரு பக்கம் வாசித்து முடித்து, அர்த்தமும் சொல்லிவிடலாம். நாளைக்கு இரண்டு முறை இப்படிச் செய்தால், முப்பது பேர் இருக்கும் வகுப்பில் கிடைப்பதைப்போல் எத்தனையோ மடங்கு வாசிப்புப் பயிற்சி கிடைக்கும். தொட்டில் ஆட்டும்போதும் கீரை ஆயும்போதும் இதே வகைதான்.

மூன்றாவது வகை பிள்ளை தனியாகச் செய்வது: பயிற்சிக் கணக்கு, கையெழுத்து, படம் வரைதல், நூலகப் புத்தகம். சின்னவன் முழித்துக்கொண்டு வீட்டையே தலைகீழாக்கும் நேரத்துக்கு இது. ஒன்று கவனியுங்கள்: புதிதாகச் சொல்லிக்கொடுத்ததை அன்றே தனியாகப் போடச் சொன்னால் பிள்ளை ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் "அம்மா" என்று வரும். நேற்று புரிந்ததை இன்று தனியாகப் போடட்டும்.

கிழமை வாரியாக அட்டவணை போடாதீர்கள். "திங்கள் அறிவியல், செவ்வாய் வரலாறு" என்று வைத்தால், திங்களன்று குழந்தைக்குக் காய்ச்சல் வந்ததும் அந்த வாரம் அறிவியல் காணாமல் போகும். அதற்குப் பதில் அறிவியல், சமூக அறிவியல், ஓவியம், பொது அறிவு என்று ஒரு வரிசை எழுதி ஒட்டுங்கள். நேரம் கிடைக்கும்போது வரிசையில் அடுத்தது எதுவோ அது. நின்ற இடத்திலிருந்து மறுநாள் தொடரும். கணக்கும் தமிழ் வாசிப்பும் ஆங்கில வாசிப்பும் மட்டும் வரிசைக்கு வெளியே. அவை தினமும் உண்டு, பத்து நிமிடமாவது.

4. முதல் கால் மணி சின்னவனுக்கு

இரண்டு வயதுப் பிள்ளை பாடத்தைக் கெடுப்பது குறும்பால் அல்ல, பசியால். அம்மாவின் கவனத்துக்கான பசி. பெரியவளை உட்காரவைத்துவிட்டு இவனை விரட்டினால் நாள் பூராவும் விரட்டிக்கொண்டேதான் இருக்க வேண்டும். பாடத்துக்கு முன் கால் மணி நேரம் அவனோடு தரையில் உட்காருங்கள். வயிறு நிரம்பி, அம்மாவும் கிடைத்துவிட்டால் அப்புறம் இருபது நிமிடம் தானாக விளையாடுவான். இருபது நிமிடம்தான். அதற்கு மேல் எதிர்பார்ப்பது அந்த வயதுக்கு நியாயமில்லை.

பொம்மை வாங்கிக் குவிக்க வேண்டாம். நம்மூரில் நூல் தீர்ந்த காலிக் கோன்கள் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். ஒன்றன் மேல் ஒன்று செருகிக் கோபுரம் கட்டலாம், தட்டிவிடலாம், உருட்டலாம், வாயில் வைத்து ஊதலாம். எங்கள் வீட்டில் கடைப் பொம்மை எதுவும் இவ்வளவு நாள் உழைத்ததில்லை. கொடுக்குமுன் கோனில் ஒட்டியிருக்கிற மிச்ச நூலை ஒரு இழை விடாமல் பிரித்து எடுத்துவிடுங்கள். நூல் குழந்தையின் கைவிரலிலோ கால்விரலிலோ இறுகச் சுற்றிக்கொண்டால் ரத்த ஓட்டம் நின்று விரல் நீலம் பாய்ந்துவிடும். காரணம் தெரியாமல் குழந்தை வீரிட்டு அழுதால் முதலில் விரல்களைப் பாருங்கள். திருப்பூர்ப் பக்கம் இருப்பவர்களுக்குப் பனியன் கட்டிங் துணி கிடைக்கும். ஒரு கூடை நிறையக் கொடுத்தால் எடுத்து வெளியே போடுவதும் திரும்ப அடைப்பதுமே அவனுக்கு வேலை.

இந்தச் சாமான்களைப் பாடவேளைக்கு மட்டும் வெளியே எடுங்கள். நாள் முழுக்கக் கிடந்தால் சலித்துவிடும். வாரத்துக்கு ஒரு கூடையை உள்ளே வைத்து இன்னொன்றை எடுப்பதும் உதவும். அவனுக்கும் ஒரு சிலேட்டு வேண்டும், அக்கா எழுதும்போது தானும் எழுத. பலப்பத்தைத் தின்பான் என்பதால் ஈரத் துணியும் வெறும் சிலேட்டும் போதும், தண்ணீரில் எழுதட்டும்.

புளியங்கொட்டை, நிலக்கடலை, பட்டாணி, மணி, பட்டன் செல் எதுவும் மூன்று வயதுக்குள் இருக்கும் பிள்ளையின் கைக்குப் போகக்கூடாது. தண்ணீர் வாளியைக் கவிழ்த்து வையுங்கள். விரல்கடை ஆழத் தண்ணீரிலும் குழந்தை மூச்சுத் திணறிவிடும். சம்ப்பு மூடி, பொடக்காளியில் (வீட்டுப் பின்புறத்தில்) இருக்கும் தொட்டி, தோட்டத்துச் சாளையாக (தோட்டத்து வீடாக) இருந்தால் கிணற்று மேடு, பூச்சிமருந்து வைத்திருக்கும் அலமாரி, தறிக்கூடக் கதவு எல்லாம் பூட்டியாகிவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் பாடப்புத்தகத்தைத் திறக்க வேண்டும். பாடத்தில் மூழ்கிய அம்மாவின் கண் ஐந்து நிமிடம் விலகும் என்பது நிச்சயம். அந்த ஐந்து நிமிடத்துக்காகத்தான் இந்தப் பூட்டெல்லாம்.

மூன்று வயது ஆகிவிட்டால் பால்வாடிக்கு அனுப்புங்கள். பெரிய பிள்ளை வீட்டில், சின்னது பால்வாடியில் என்பது தலைகீழாகத் தோன்றும். ஆனால் அவனுக்குப் பாட்டும் விளையாட்டும் சத்துமாவும் முட்டையும் கிடைக்கும். உங்களுக்குத் தொந்தரவில்லாத இரண்டு மணி நேரம் கிடைக்கும். வீட்டுக்கல்வி என்றால் எல்லாரும் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

செல்போனைக் கையில் கொடுத்து உட்காரவைப்பதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. பெரியவள் கல்வித் தொலைக்காட்சி பார்க்க வேண்டுமானால் அதையும் சின்னவன் தூங்கும்போது வைத்துக்கொள்ளுங்கள்.

5. அக்காவை ஆயாவாக்காதீர்கள்

பெரிய பிள்ளை பெண்பிள்ளையாக இருந்துவிட்டால் இந்தச் சறுக்கல் கண்ணுக்கே தெரியாமல் நடக்கும். "கண்ணு, தம்பிய கொஞ்சம் புடி" என்பதில் ஆரம்பித்து, அடுப்பில் பால் பொங்குவதைப் பார்ப்பது, பாப்பாவின் துணி அலசுவது, கடைக்குப் போவது என்று போய், இரண்டு மாதத்தில் அவள் ஒரு சம்பளமில்லாத வேலைக்காரி. பள்ளிக்குப் போயிருந்தால் காலை ஒன்பதிலிருந்து மாலை நாலு வரை அவளை யாரும் கூப்பிட்டிருக்க முடியாது. வீட்டில் வைத்துப் படிக்கவைப்பதால் அந்த வேலி போய்விடுகிறது. நாமே ஒன்று கட்ட வேண்டும்.

எங்கள் வீட்டு விதி இது. நோட்டு விரித்திருக்கும்போது யாரும், அப்பாரு (அப்பாவின் அப்பா) உள்பட, அவளுக்கு வேலை சொல்லக்கூடாது. பாடவேளைக்கு வெளியே உதவி கேட்கலாம். அதையும் இவ்வளவு நேரம் என்று சொல்லிக் கேட்க வேண்டும். "நான் குளிச்சுட்டு வர்ற வரைக்கும் பாப்பாகிட்ட உக்காந்திரு" என்பது உதவி. "பாப்பாவப் பாத்துக்கோ" என்பது பொறுப்பை இறக்கி வைப்பது. பத்து வயதுப் பிள்ளையிடம் கைக்குழந்தையைத் தனியாக விட்டுவிட்டுத் தோட்டத்துக்கோ சந்தைக்கோ போகவே கூடாது. பையனாக இருந்தாலும் இதே விதிதான். அவனுக்கு வேலையே சொல்லாமல் தங்கச்சியை மட்டும் ஏவுவதும் ஆகாது.

அவளுக்கு அம்மாவின் மடி பறிபோய்விட்டது என்பதையும் மறக்க வேண்டாம். வாரத்தில் ஒரு மாலை சின்னதுகளை அப்பாவிடம் விட்டுவிட்டு அவளோடு மட்டும் கடைவீதிக்கோ கோயிலுக்கோ போய் வாருங்கள். பாடம் பேசாதீர்கள்.

6. வீட்டுப் பெரியவர்களும் ஒறம்பரையும் (உறவினர்களும்)

கூட்டுக்குடும்பமாக இருந்தால் ஆளுக்கொரு வேலை கொடுங்கள், ஆனால் குறிப்பாகக் கொடுங்கள். "புள்ளைங்களப் பாத்துக்குங்க அத்தை" என்றால் டிவி முன்னால் மூன்றும் உட்கார்ந்திருக்கும். "பத்து மணியிலிருந்து பதினொண்ணு வரைக்கும் பையன கட்டுத்தரைக்குக் கூட்டிட்டுப் போங்க, மாட்டுக்குத் தீவனம் போடறதக் காட்டுங்க" என்றால் நடக்கும். அப்புச்சிக்கு (அம்மாவின் அப்பாவுக்கு) கண் தெரியாது என்றால் பெரியவள் அவருக்குத் தினமும் பேப்பர் வாசித்துக் காட்டட்டும். அது அவளுக்குத் தமிழ்ப் பாடம், அவருக்குச் செய்தி.

ஒறம்பரை வந்தால் இந்தப் பேச்சு வரும்:

"ஏஞ்சாமி, இன்னிக்குப் பள்ளிக்கோடம் இல்லியா?"

பிள்ளை முழிக்கும். பதிலை முன்கூட்டியே சொல்லிக்கொடுங்கள், இல்லாவிட்டால் நீங்களே முந்திக்கொள்ளுங்கள்: "ஊட்டுலயேதானுங்க சித்தி படிக்கறா. கவர்மெண்டு புஸ்தகந்தானுங்க. பரிச்சையும் எழுதுவா." அதோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் விளக்கினால் அது விவாதம் ஆகும். விவாதத்தில் காபியும் ஆறும், குழந்தையும் எழுந்துவிடும்.

7. எதை வைத்துச் சொல்லிக்கொடுப்பது

திரும்பப் பள்ளியில் சேர்க்கும் எண்ணம் இருந்தால் சமச்சீர்ப் புத்தகத்தை விட்டு விலகாதீர்கள். தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் புத்தகங்களைக் கடையிலும் வாங்கலாம், இணையத்தில் இலவசமாகவும் இறக்கலாம். தொடக்க வகுப்புகளுக்கு மூன்று பருவமாக வருவதால், ஒரு பருவத்தை நாலு மாதத்தில் முடித்தால் போதும் என்று ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம். அச்சுப் புத்தகமே வாங்குங்கள். போனில் படித்தால் சின்னவன் போனைக் கேட்பான். புத்தகத்தைக் கேட்டால் பழைய புத்தகம் ஒன்றைக் கொடுத்துவிடலாம், கிழித்தாலும் கிழிக்கட்டும். கிளை நூலகத்தில் உறுப்பினராகச் சேருங்கள், காப்புத்தொகை பெரிய காசில்லை.

புத்தகத்துக்கு வெளியேயும் பாடம் கொட்டிக்கிடக்கிறது. பால் சொசைட்டி அட்டையைப் பெரியவளிடம் ஒப்படையுங்கள். காலையில் 4.5 லிட்டர், மாலையில் 3.8 லிட்டர், கூட்டினால் 8.3. லிட்டருக்கு 35 ரூபாய் என்றால் 290 ரூபாய் 50 பைசா. தசமக் கூட்டலும் பெருக்கலும் ஒரே வரியில் முடிந்தது. கொழுப்பு அளவு குறைந்தால் ஏன் விலை குறைகிறது என்று கேட்பாள். அது அறிவியல் பாடம். ஈரோட்டு மஞ்சள் விலை பேப்பரில் வரும். விரலி குவிண்டால் 13,200, கிழங்கு 12,000 என்று வைத்துக்கொண்டால், விரலிக்கு எத்தனை சதவீதம் கூடுதல்? பத்து. இரண்டுக்கும் ஏன் வித்தியாசம் என்று அப்பாரு ஒரு மணி நேரம் பேசுவார். கரண்ட் பில்லில் முதல் 100 யூனிட்டைக் கழித்துவிட்டு மீதியைப் படிப்படியாகக் கணக்குப் போடுவது ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் சவால்தான்.

வரலாற்றுக்கு வெகுதூரம் போக வேண்டாம். பவானி கூடுதுறைக்குப் பக்கத்தில் தொடங்கும் காலிங்கராயன் வாய்க்கால் 13ஆம் நூற்றாண்டில் வெட்டியது. சுமார் 90 கிலோமீட்டர் வளைந்து வளைந்து போகும். ஏன் நேராக வெட்டவில்லை என்ற ஒரு கேள்வியிலேயே நில மட்டம், சாய்வு, பாசனப் பரப்பு எல்லாம் வந்துவிடும். நொய்யல் கரையில் கொடுமணல் அகழாய்வில் இரும்பு உருக்கிய உலையும் கல்மணிப் பட்டறையும் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் கிடைத்தன. இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே நம்மூரில் பட்டறை ஓடியது என்றால் பெரியவள் நிமிர்ந்து உட்காருவாள். கீழ்பவானி வாய்க்காலில் ஆகஸ்டில் தண்ணீர் விடும் தேதியை நோட்டில் குறித்து, அதற்கப்புறம் யார் யார் காட்டில் என்ன விதைத்தார்கள் என்று எழுதச் சொல்லுங்கள்.

குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே போவதானால் சின்னவன் ஓட இடம் இருக்க வேண்டும், ஆழத் தண்ணீர் இருக்கக்கூடாது. வெள்ளோடு பறவைகள் சரணாலயத்துக்கு மார்கழி, தை மாதங்களில் வெள்ளன போய் வரலாம். கோவையில் 1902இல் திறந்த காஸ் வன அருங்காட்சியகம் கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பார்க்கத் தோதான இடம். கொடிவேரி அணைக்கு இரண்டு வயதுப் பிள்ளையோடு பாடம் நடத்தப் போகாதீர்கள்; கண் முழுக்க அவன் மேல்தான் இருக்கும்.

சோட்டுப் பிள்ளைகள் (ஒத்த வயதுக்காரர்கள்) இல்லாமல் பெரியவள் வாடக்கூடாது. பள்ளி விட்டதும் தெருப் பிள்ளைகளோடு பொழுதோட விளையாட விடுங்கள். இப்போது ஊருக்கு ஊர் வள்ளி கும்மிப் பயிற்சி நடக்கிறது. பாட்டும் தாளமும் வரிசையும் ஐம்பது பேரோடு சேர்ந்து ஆடுவதும் வீட்டில் கிடைக்காத பாடம்.

8. ஒரு நாள் எப்படி ஓடும்

ஏழு மாதக் குழந்தை உள்ள வீட்டை எடுத்துக்கொள்வோம். காலை எட்டரைக்குச் சாப்பாடு முடிந்ததும் பெரியவள் கையெழுத்தும் நேற்றைய கணக்கும். நீங்கள் குழந்தையைக் குளிப்பாட்டுகிறீர்கள். ஒன்பதே காலுக்குச் சின்னவனோடு கால் மணி. ஒன்பதரைக்குக் குழந்தை பால் குடிக்கும்போது பெரியவள் ஆங்கிலம் வாசிக்கிறாள். குழந்தை தூங்கியதும் கோன் கூடை வெளியே வருகிறது, புதுக் கணக்கு நடக்கிறது. பத்தரைக்கு எல்லாரும் வாசலுக்கு. சமையல் நேரத்தில் வாய்ப்பாடும் சொல்வதை எழுதுதலும். மத்தியானம் இரண்டும் தூங்கினால் கட்டுரையும் வரிசையில் அடுத்த பாடமும். ஒன்றுதான் தூங்கியது என்றால் வரிசைப் பாடம் மட்டும். மூன்று மணிக்கு மேல் நோட்டைத் திறக்காதீர்கள்.

இதில் பாதி நடந்தால் அது நல்ல நாள்.

9. எதுவும் நடக்காத வாரங்கள்

பிரசவம் ஆன முதல் ஆறு வாரம் பாடமே வேண்டாம். பெரியவள் கதைப் புத்தகம் படிக்கட்டும், அம்மாயி (அம்மாவின் அம்மா) வீட்டுக்குப் போயிருந்தால் அங்கே தோட்டத்தைச் சுற்றட்டும். முன்கூட்டியே தெரிந்த விஷயம்தானே, பள்ளி விடுமுறையைப்போல் அதற்கு முன்னால் ஒரு பருவத்தை முடித்துவிடலாம். நம் மாநிலத்தில் தடுப்பூசி புதன்கிழமை போடுவார்கள். அன்று இரவு காய்ச்சல் வரலாம் என்பதால் வியாழக்கிழமைக்கு மூன்றாவது வகைப் பாடம் மட்டும் வையுங்கள். பல் முளைக்கும் நாட்களுக்கும் அதே ஏற்பாடு. நோம்பி (திருவிழா), கல்யாணம், சீர் என்று ஒறம்பரை நிறைகிற வாரத்தில் நோட்டைக் கட்டி வைத்துவிட்டு மொய் எழுதுகிறவர் பக்கத்தில் பெரியவளை உட்காரவையுங்கள். கூட்டல் பயிற்சிக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

அம்மாவின் உடம்பு மனசு பற்றி ஒரு வார்த்தை. பிரசவத்துக்குப் பின் இரண்டு வாரத்துக்கு மேலும் காரணமில்லாத அழுகை, குழந்தை தூங்கினாலும் தூக்கம் வராமை, எதிலும் பிடிப்பில்லாமை தொடர்ந்தால் அது சோம்பேறித்தனமும் இல்லை, திருஷ்டியும் இல்லை. டாக்டரைப் பார்க்க வேண்டிய விஷயம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசில்லை. அந்தக் காலத்தில் பிள்ளையைப் பள்ளியில் சேர்த்துவிடுவதில் எந்த வெட்கமும் வேண்டாம்.

10. சோதித்துப் பார்ப்பதும் திரும்பப் பள்ளிக்கு அனுப்புவதும்

மாதக் கடைசியில் புத்தகத்தின் பாடப் பின் பயிற்சிகளில் ஒன்றை எடுத்து, உதவியில்லாமல் எழுதச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை அப்பா திருத்தட்டும். சொல்லிக்கொடுத்த ஆளே திருத்தினால் பாதி விடையை நாமே மனதில் நிரப்பிக்கொள்வோம். எல்லா நோட்டிலும் தேதி போடப் பழக்குங்கள். கணக்கெடுப்புக்கு வருகிறவருக்கும் நாளைக்குச் சேர்க்கப்போகிற தலைமையாசிரியருக்கும் காட்ட உங்களிடம் இருக்கிற ஒரே சான்று அதுதான். மூன்று மாதமாகியும் பிள்ளை ஒரு பக்கத்தைத் தடங்கலின்றி வாசிக்கவில்லை என்றாலோ, வாரத்தில் பாதி நாள் பாடமே நடக்கவில்லை என்றாலோ ஏற்பாட்டை மாற்றிப் பாருங்கள். இன்னொரு மாதத்திலும் தேறவில்லை என்றால் பள்ளிதான்.

திரும்பச் சேர்ப்பது பயப்படுகிற அளவுக்குக் கஷ்டமில்லை. பள்ளியிலிருந்து நின்ற பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும், மற்றவர்களோடு சமமாக வரத் தனிப் பயிற்சியும் தர வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 4ஆவது பிரிவு சொல்கிறது. கல்வியாண்டின் நடுவில் வந்தாலும் சேர்க்க மறுக்கக் கூடாது என்பது 15ஆவது பிரிவு. ஆனாலும் ஜூன் வரை காத்திருக்காமல் ஏப்ரலிலேயே போய் தலைமையாசிரியரைப் பாருங்கள். ஃபைலையும் நோட்டுகளையும் எடுத்துக்கொள்ளுங்கள், எமிஸ் எண்ணைச் சொன்னால் பொதுப்பட்டியலிலிருந்து பெயரை எடுத்துக்கொள்வார்கள். எந்தப் பருவம் வரை முடித்தீர்கள், எதில் பிள்ளை தடுமாறுகிறாள் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். பெரியவளையும் கூட்டிப்போங்கள்; வாத்தியார் அவளிடம் இரண்டு கேள்வி கேட்கட்டும். சின்னதுகள் இரண்டையும் அன்றைக்கு ஆத்தாவிடம் விட்டுவிட்டுப் போங்கள்.